எண்ணிப் பின்னிய எழுத்துகள்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால், நமது தருமபுரி மாவட்டத்து மலையடிவார ஊர்களில் விடியற்காலைத் திருப்பலிக்கு வருவோரின் தலைகளைப் பார்த்தே குளிரின் அளவை அறிந்துகொள்ளலாம். முதியோர் துண்டால் முண்டாசு கட்டியிருப்பர். தாய்மார் சேலைத் தலைப்பை இழுத்து மூடியிருப்பர். சிறுவர்களோ கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று நாம் அடையாளம் காண இயலாதபடி பின்வரிசையில் அமர்ந்திருப்பர். இத்திங்கள் அந்தக் குல்லாயைப் பற்றித்தான் எழுத எண்ணியுள்ளோம். அதிலும் குறிப்பாக, கண்ணிகளை எண்ணி எண்ணி அதன் நெற்றியில் எழுத்துகளைப் பின்னும் கலையைப் பற்றி. குடும்ப ஏட்டில் கம்பளிக் குல்லாய்க்கு என்ன இடம் என்று கேட்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். கணக்கு, எழுத்து, கைவேலை, கூலி என்னும் நான்கும் ஒரு குல்லாய்க்குள் அடங்கியிருப்பதைக் கண்டு நாமே வியந்தோம்.

நம் வாசகர்களுள் நடுவயதைத் தாண்டிய தாய்மார் பலருக்கு இக்கலை புதியதன்று. கன்னியர் மடத்துப் பள்ளிகளில் தையல் வகுப்பு என்று ஒன்று தவறாமல் இருந்தது. கட்டம் கட்டமாக இழை தெரியும் துணியில் குறுக்குத் தையலால் எழுத்துகளை இட்டு, கண்ணாடிச் சட்டத்துள் வைத்து, வீட்டு முகப்பில் மாட்டும் வழக்கம் இருந்தது. திருப்பீடத் துணியின் நடுவே காணும் ஐ.எச்.எஸ். என்னும் மூன்றெழுத்தும் அவ்வாறு எண்ணித் தைக்கப்பட்டதே. ஆண்டவரின் திருப்பெயரைக் கிரேக்க மொழியில் எழுதும்போது முதலில் வரும் மூன்று எழுத்துகள் அவை. பொருள் தெரியாமலே அதைத் தைத்துப் பரிசு வாங்கிய பாட்டிமார் உண்டு. அதனால் தையலின் நேர்த்தி குறைந்துவிடவில்லை.

நமது பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி, கல்லூரியில் கணிதம் பயில்பவள், விடுமுறையில் வந்திருந்தபோது தன் தம்பிக்கு ஒரு குல்லாய் பின்ன விரும்பினாள். அதன் விளிம்பைச் சுற்றிலும் “சமாதானம்” என்னும் சொல் வரவேண்டும் என்பது அவள் ஆசை. “சாமி, தமிழெழுத்தைக் கட்டத்தாளில் போட்டால் எல்லாம் நண்டு மாதிரி வருகிறது. நீங்கள்தானே கோயில் பலகைக்கெல்லாம் எழுத்து எழுதிக் கொடுப்பீர்கள்?” என்று வந்து நின்றாள். குருமடத்தில் பயின்ற காலத்தில் விழாத் தோரணங்களுக்கு எழுத்து வெட்டிய பழக்கம் நமக்குச் சிறிது உண்டு. ஆகவே கட்டத்தாளும் பென்சிலுமாக அவளோடு உட்கார்ந்தோம். அன்று நாம் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

குல்லாயை வட்டமாகப் பின்ன வேண்டும். நுனி இரண்டும் கூரான நான்கைந்து ஊசிகளில் கண்ணிகளைப் பகிர்ந்து ஏற்றி, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் தையல் மூட்டே இல்லாத குழாய் ஒன்று உருவாகும். நடுத்தரக் கம்பளி நூலில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 22 கண்ணிகளும், அதே உயரத்துக்கு ஏறத்தாழ 30 வரிசைகளும் அமையும். தம்பியின் தலைச் சுற்றளவு 54 சென்டிமீட்டர். 54-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 118.8 வருகிறது. அவளோ 118-ஐயும் எடுக்கவில்லை, 119-ஐயும் எடுக்கவில்லை; 120 கண்ணிகளை ஊசியில் ஏற்றினாள். ஏன் என்றோம். “120-ஐ இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து என்று எதனாலும் மிச்சமில்லாமல் வகுக்கலாம், சாமி. 119-ஐ ஏழாலும் பதினேழாலும்தான் வகுக்க முடியும்” என்றாள். சுற்றி வரும் பின்னலில் ஒரு வடிவம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். மிச்சம் விழுந்தால் அந்த இடத்தில் வடிவம் வெட்டுண்டு நிற்கும். ஆதலால் பின்னுபவருக்கு வகுபடும் எண்ணே நல்ல எண்.

இனி எழுத்து. ச, ம, த ஆகிய மூன்றையும் ஐந்து கட்ட அகலத்தில் அடக்கினோம். கால் என்னும் துணையெழுத்துக்கு மூன்று கட்டம். இரண்டு சுழிகளை உடைய னகரம் ஐந்தில் அடங்க மறுத்தது. அதற்கு ஏழு கொடுத்தோம். ச, ம, கால், த, கால், ன, ம் என்று ஏழு துண்டுகளுக்கும் சேர்த்து 33 கட்டங்கள், இடையிடையே ஒவ்வொரு கட்டமாக ஆறு இடைவெளிகள், ஆக 39. சுற்றுக்கு இருமுறை அச்சொல் வரவேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கு 60. மீதமுள்ள 21 கட்டங்களில் நடுவே பதினொரு கட்ட அகலத்தில் ஒரு பூவும், அதன் இருபுறமும் ஐந்தைந்து கட்ட வெற்றிடமும் வைத்தோம். கணக்கு நேரானது.

இங்கே கட்டத்தாள் ஒரு பொய் சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டத்தாளின் கட்டம் சதுரம். பின்னலின் கண்ணி சதுரம் அன்று. அகலம் கூடுதல், உயரம் குறைவு. ஐந்து கட்ட அகலமும் ஏழு கட்ட உயரமும் கொண்ட எழுத்து தாளில் நெட்டையாகத் தெரியும். ஆனால் அதுவே கம்பளியில் வரும்போது, அகலம் 2.27 சென்டிமீட்டர், உயரம் 2.33 சென்டிமீட்டர் என்று ஏறக்குறையச் சதுரமாக அமர்ந்துவிடும். தாளில் அழகாக இருப்பதை அப்படியே பின்னினால் எழுத்துகள் நசுங்கிப்போவதற்கு இதுவே காரணம். அவள் கண்ட நண்டுகளுக்கும் இதுவே பாதிக் காரணம்.

இரண்டு நிற நூல்களையும் ஒரே வரிசையில் கொண்டு செல்வதுதான் இக்கலையின் கடினமான பகுதி. வெள்ளைக் கண்ணி பின்னும்போது நீல நூல் பின்புறமாக ஓடிக் காத்திருக்கும். நீலத்தின் முறை வந்ததும் வெள்ளை பின்னே ஒதுங்கும். காத்திருக்கும் நூல் ஐந்து கண்ணிகளுக்கு மேல் தாவினால், குல்லாயை மாட்டும்போது விரல் அதில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் பூவின் இருபுறமும் ஐந்துக்கு மேல் வெற்றிடம் விடவில்லை. தாவும் நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கி, 120 கண்ணிக் குல்லாய் தலையில் ஏறாது. தளர விட்டால் எழுத்து பல்லிளிக்கும். குல்லாயை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால், பின்னியவரின் பொறுமை எவ்வளவு என்பது எழுதி வைத்தாற்போலத் தெரியும். விலை பேசுவோர் ஒருவரும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது நாம் கண்ட உண்மை. அதைப் பற்றிப் பின்னர்.

எழுத்து முடிந்தபின் உச்சியை மூட வேண்டும். 120 கண்ணிகளை எட்டுப் பங்காகப் பிரித்தால் பங்குக்குப் பதினைந்து. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், ஒவ்வொரு பங்கிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால், சுற்றுக்கு எட்டு குறையும். பதினான்கு முறை குறைத்தபின் எட்டே கண்ணிகள் மிஞ்சும்; நூலை அவற்றினூடே இழுத்து முடிச்சிட்டால் வேலை முடிந்தது. மேலிருந்து பார்த்தால் எட்டு முனை விண்மீன் ஒன்று தெரியும். இதிலும் அந்த மாணவி நம்மை ஒரு கணக்குப் போட வைத்தாள். ஒரு வட்டம் தட்டையாக இருக்க வேண்டுமானால், ஆரம் ஓர் அளவு குறையும்போது சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு குறைய வேண்டும் என்பது பள்ளிப் பாடம். கண்ணியின் அகலத்துக்கும் வரிசையின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைச் சேர்த்துப் பெருக்கினால், வரிசைக்குச் சராசரி 4.6 கண்ணிகள் குறைத்தால் உச்சி தட்டையாக வரும். இங்கே குறைவது சராசரி 4. ஆதலால் உச்சி தட்டையாகாமல், மனிதத் தலைக்கு ஏற்ற மெல்லிய கவிகையாக எழும்புகிறது. இன்னும் குறைவாகக் குறைத்தால் கூம்பு. குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிக்கொண்டே போனாலோ, துணி கோழிக்கொண்டையைப்போல மடிந்து மடிந்து நெளியும்.

அந்தக் கோழிக்கொண்டைக்கும் கணித உலகில் பெரிய மதிப்பு உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தைனா தைமினா என்னும் பெண்மணி 1997-ஆம் ஆண்டில் கொக்கி ஊசியால் அத்தகைய நெளிவு வடிவம் ஒன்றைப் பின்னி, அதிபரவளையத் தளம் எனப்படும் வளைந்த வெளியை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்தார். காகிதத்தில் செய்தால் கிழிந்துபோன மாதிரி வடிவம் நூலில் நிலைத்தது. அதற்கும் முன்பே 1971-இல் மைல்ஸ் ரீட் என்பவர் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் கணித இதழில், எந்தெந்த வளைபரப்புகளை எவ்வாறு பின்னலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். உள்ளும் புறமும் வேறல்லாத குடுவை ஒன்றை 1882-இல் ஃபெலிக்ஸ் கிளைன் என்னும் ஜெர்மானிய அறிஞர் வருணித்தார் அல்லவா? அதன் வடிவிலும் குல்லாய் பின்னுவோர் மேலைநாடுகளில் உண்டு. அதை எப்பக்கம் தலையில் மாட்டுவது என்று நம்மைக் கேட்க வேண்டாம்.

பின்னலில் எழுத்து என்பது நேற்று வந்த விந்தை அன்று. ஸ்பெயின் நாட்டில் பூர்கோஸ் நகருக்கு அருகே லாஸ் உவெல்காஸ் என்னும் சிஸ்டர்சியன் கன்னியர் மடம் உள்ளது. காஸ்தீல் அரச குடும்பத்தாரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. பத்தாம் அல்போன்சு மன்னரின் மகன் பெர்னாந்து தெ லா செர்தா 1275-இல் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலத்தில் அந்தக் கல்லறையைத் திறந்தபோது, அரசகுமாரனின் தலைக்குக் கீழ் வைக்கும் பட்டுத் திண்டு கிடைத்தது. அது நெய்ததன்று, பின்னியது. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ இருபது கண்ணிகள். அதன் ஓரத்தில் பின்னப்பட்டிருப்பவை அரபு எழுத்துகள். அச்சொல்லின் பொருள் “ஆசி”. கிறிஸ்தவ அரசகுமாரனின் கல்லறையில், கன்னியர் மடத்தில், இஸ்லாமியக் கைவினைஞரின் எழுத்தில் ஓர் ஆசி! அரசர்கள் அக்காலத்தில் ஒருவரோடொருவர் போரிட்டுக் கொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். நூலைக் கையிலெடுத்தவர்களுக்கு அந்தப் போர் ஒரு தடையாக இருக்கவில்லை போலும்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லாமல் போக மனமில்லை. ஜெர்மனியில் 1400-ஆம் ஆண்டை ஒட்டி மாஸ்டர் பெர்த்ராம் என்னும் ஓவியரின் பட்டறையில் ஒரு பீடப்படம் தீட்டப்பட்டது. இப்போது ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் தேவமாதா குழந்தையின் சட்டையை நான்கு ஊசிகளால் வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். கழுத்துப் பட்டைக்கு வந்துவிட்டார்; அருகே வானதூதர்கள் வந்து நிற்கின்றனர். ஆண்டவரின் அங்கியில் தையலே இல்லை என்று யோவான் நற்செய்தி கூறுவதை வாசித்த ஓவியர், தையலில்லாத ஆடை எவ்வாறு உண்டாகும் என்று யோசித்து, தம் ஊர்ப் பெண்கள் செய்வதைப் பார்த்து வரைந்தார் போலும். நாசரேத்தில் அக்காலத்தில் பின்னல் ஊசி இருந்ததா என்று வரலாற்று ஆசிரியர் கேட்பார். கேட்கட்டும்.

பூர்கோஸ் திண்டில் இருப்பது கூஃபிக் என்னும் கோணலற்ற, செங்குத்தான எழுத்து வகை. அது கட்டங்களுக்குள் இயல்பாக அமரும். நமது தமிழெழுத்து அவ்வாறு அமராததற்கு என்ன காரணம்? எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் நம் எழுத்து வளைந்தது என்று பெரியோர் சொல்வர். தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குச் செல்வோர், இம்மாவட்டத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைக் காணலாம். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் பெயர்கள் அவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயருக்கேற்ப வளைந்து வளைந்து செல்லும் எழுத்து. பின்னுபவருக்கு அதைவிடப் பெரிய சோதனை வேறில்லை.

ஆனால் அதற்கும் முந்திய தமிழி எழுத்தைப் பாருங்கள். குகைத்தளங்களில் வெட்டப்பட்ட அந்த எழுத்தில் ககரம் என்பது வெறும் கூட்டல் குறி. ஒரு குறுக்குத் தையல் போதும். நகரம் என்பது கிடைக்கோட்டின் நடுவே நிற்கும் ஒரு செங்கோடு. இவை கட்டத்தாளுக்கென்றே பிறந்தவை போல இருக்கின்றன. கல்லில் உளியால் வெட்டியவருக்கு எது எளிதோ அதுவே கம்பளியில் பின்னுபவருக்கும் எளிது. ஓலையில் கீறியவருக்கு எளிதானது இருவருக்கும் கடினம். அந்த மாணவியிடம் இதைச் சொன்னோம். அவளோ, “தமிழியில் பின்னினால் தம்பிக்கு வாசிக்கத் தெரியாதே, சாமி” என்றாள். அதுவும் நியாயமே.

நமது மாவட்டத்திலேயே, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நூலால் கணக்கும் வடிவமும் போட்டுவந்த பெண்கள் இருக்கின்றனர். அரூர் வட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் சிட்டிலிங்கி என்னும் ஊர் உள்ளது. மலைவாழ் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே வந்து, ஓலைக் கூரையின் கீழ் மருத்துவப் பணியைத் தொடங்கினர். பழங்குடியினர் நல முன்முயற்சி என்று வளர்ந்த அப்பணியை நம் வாசகர்கள் பலர் அறிவர். அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் தண்டாக்களும் உள்ளன.

லம்பாடியர் யார்? பொதிமாடுகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு தக்காணம் முழுவதும் நடந்த வணிக மக்கள். இருப்புப்பாதை வந்தது, மாட்டுப் பொதிக்கு வேலை போயிற்று. அலைந்து திரிவோர் அனைவரையும் ஐயுற்ற ஆங்கில அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் நிழல் இவர்கள்மேலும் படிந்தது. விடுதலைக்குப் பின்னர் 1952-இல்தான் அச்சட்டம் நீங்கிற்று. இன்றும் அதே மக்கள் தெலங்கானாவில் பழங்குடியினர், கர்நாடகத்தில் அட்டவணைச் சாதியினர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். மாநில எல்லைக்கல்லைத் தாண்டினால் ஒரு மனிதன் வேறொரு பட்டியலில் விழுகிறான். அவர்கள் மொழி வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கென்று தனி எழுத்து இல்லை.

எழுத்தில்லாத அம்மக்களின் பெண்கள் தங்கள் பாவாடையிலும் கச்சையிலும் தலைத்துணியிலும் சதுரமும் முக்கோணமும் சாய்சதுரமுமாகத் தைத்தனர். கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் கோத்தனர். கர்நாடகத்தில் சந்தூர்ப் பகுதி லம்பாடியரின் தையலுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிட்டிலிங்கியிலோ கதை வேறாக இருந்தது. வெளியூர்ச் சந்தையில் அந்த உடையைக் கண்டு சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? இளையோர் சேலைக்கு மாறினர். தைத்த துணிகள் பழையனவாயின. இரண்டு தலைமுறையாக ஊசி எடுப்பாரில்லை. மூதாட்டியர் ஓரிருவரின் விரல்களில் மட்டும் அந்தத் தையல் எஞ்சியிருந்தது. அவர்கள் கண்மூடியிருந்தால் அதுவும் போயிருக்கும்; ஏனெனில் அதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்தவர் இல்லை.

2006-ஐ ஒட்டி, மருத்துவர் லலிதாவின் ஊக்கத்தால், அந்த மூதாட்டியரிடம் இளம்பெண்கள் சிலர் உட்கார்ந்து கற்கத் தொடங்கினர். பின்னர் அது ஒரு கைவினைஞர் சங்கமாயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் “பொர்கை”. அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள். எந்த உடையைக் குறித்து நாணினார்களோ அந்த உடையின் தையலுக்கே அப்பெயர்! நாம் அறிந்த சங்கப் பெயர்களுள் இதைவிடப் பொருத்தமானதைக் கண்டதில்லை. திருப்பூருக்கும் வேறு ஊர்களுக்கும் வேலை தேடிச் செல்லாமல், வீட்டிலிருந்தபடியே, வயல் வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே ஊசியால் கூலி பெற வழி பிறந்தது. தையல் கற்றவர்கள் பலராயினர். சட்டை, பை, திண்டுறை என்று அந்த முக்கோணமும் சாய்சதுரமும் நகரத்து வீடுகளுக்குச் சென்றன.

நமது மாணவி இதைக் கேட்டு, “அவர்கள் பொர்கை என்னும் பெயரைக் குல்லாயில் பின்ன விரும்பினால், எந்த எழுத்தில் பின்னுவார்கள்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் தமிழெழுத்தில்தான் பின்ன வேண்டும். ஆந்திரத்து உறவினர் தெலுங்கெழுத்தில் பின்னுவர். வடக்கே உள்ளவர் நாகரியில். அவர்கள் பெருமையை எழுதுவதற்கே அயலார் எழுத்தைக் கடன் வாங்க வேண்டும். ஆனால் அந்தத் தையலைக் கண்டவுடனே, எந்த மாநிலத்து லம்பாடியும் இது நம்முடையது என்று அறிந்துகொள்வார். அதை எழுத்து என்று சொல்லலாமா கூடாதா என்று மொழியறிஞர்கள் வாதிடுவர். எழுத்தைக் காட்டிலும் அது நன்றாக வாசிக்கப்படுகிறது என்பதே நம் கருத்து.

நீலகிரித் தோடர் பெண்களும் இவ்வாறே. புத்துக்குளி என்னும் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால், துணியின் இழைகளை எண்ணியே தைப்பர். முன்கூட்டி வரைந்து கொள்வதில்லை. 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. ஏன், நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் அக்காளும் தங்கையும் செய்வது என்ன? தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களை ஆராய்ந்து, படங்களைத் தோற்றுவிக்கும் இலக்கண விதிகளை அவற்றிலிருந்து வகுத்து ஆய்வேட்டில் வெளியிட்டனர். கணினியியலார் இன்றும் அதை எடுத்துப் பேசுகின்றனர். பள்ளிக்கே போகாத கிழவி அரிசிமாவால் போட்டது, பல்கலைக்கழகத்தில் பாடமாயிற்று. ஆயினும் அந்தக் கிழவியைக் கணக்குத் தெரிந்தவள் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது, முன்னே பின்னர் என்று விட்டதற்கு வருகிறோம்.

பங்குகளில் அன்பின் விழா, மகளிர் தினம், கிறிஸ்து பிறப்பு விற்பனை என்று ஆண்டில் இரண்டு முறையாவது மேசை போட்டுக் கைவேலைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. பின்னிய குல்லாயைக் கையில் எடுப்பார் ஒருவர். “எவ்வளவு?” விலையைச் சொல்வர். “கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே!” கிடைக்கும், இயந்திரம் பின்னியது கிடைக்கும். நாம் அந்த மாணவியோடு இருந்து பார்த்த கணக்கைச் சொல்கிறோம். ஒன்பது வரிசை எழுத்துப் பட்டைக்கு மட்டும் 120-ஐ ஒன்பதால் பெருக்கினால் 1,080 கண்ணிகள். மகரத்தின் புள்ளிக்காக ஏழு வரிசை ஒன்பதாயிற்று. குல்லாய் முழுவதும் ஏறக்குறைய ஏழாயிரம் கண்ணிகள். ஒவ்வொன்றும் ஊசியால் தனித்தனியே எடுக்கப்பட்டது. கல்யாண மண்டபத்துக்கு இலட்சம் கொடுக்கும்போது வாய் திறவாத நாம், ஏழாயிரம் முறை விரலசைத்த பெண்ணிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். இருபதைக் குறைத்துவிட்டு, அதே மாலையில் ஏழைகளுக்கான உண்டியலில் பத்தைப் போடுகிறோம்.

இதில் கோபம் தெரிகிறதென்றால், தெரியட்டும். கைவேலை அழிவது, செய்வார் இல்லாமல் அன்று. செய்தவருக்கு உரிய கூலி கொடுப்பார் இல்லாமல். சிட்டிலிங்கியின் இளம்பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால், அவளைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம். இங்கே, திண்டுறையின் விலை பேசி முடிவதற்குள் மாதம் போய்விடும்.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புவோருக்குச் சில சொற்கள். வட்டப் பின்னல் தெரியாதவர் முதலில் எழுத்தில்லாத குல்லாய் ஒன்றைப் பின்னி முடிக்கட்டும். எழுத்துக்கு எதிர்நிறங்களாகத் தேர்ந்துகொள்வது நல்லது. வெளிர் நீலத்தில் வெள்ளை எழுத்து இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. தொடங்குமுன் பத்து சென்டிமீட்டர்ச் சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, கண்ணிகளை எண்ணிவிட வேண்டும். ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு, நமது 22 உங்கள் கையில் 24 ஆகலாம். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே கொக்கி போடும் கி, கீயும், கீழே இறங்கும் கு, பு, ழுவும் இல்லாத சொல்லாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சமாதானம் எளிது. அமலா என்னும் பெயர் எளிது. அந்தோணி சற்றுக் கடினம். சூசையப்பர் மிகக் கடினம். நாம் முயன்று, பதினொரு வரிசைக்குக் குறைந்து வரவில்லை.

ழகரத்தை ஐந்து கட்ட அகலத்தில் எழுதவே இயலவில்லை. ஏழில் எழுதினால் மகரம் என்று படிக்கிறார்கள். ஒன்பதில் எழுதினால் மற்ற எழுத்துகளுக்கு நடுவே யானைபோல் நிற்கிறது. வாசகக் குடும்பங்களில் எவரேனும் ஏழு கட்ட அகலம், ஒன்பது கட்ட உயரத்துக்குள் படிக்கத்தக்க ழகரம் ஒன்றைக் கட்டத்தாளில் வரைந்து அனுப்பினால், அடுத்த இதழில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.